பாய் உட்கார்ந்த கம்பு

ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை செய்த இடத்தில் அவருக்குப் பதிலாக ஒரு கல்லைக் கட்டிவிடலாம் என்று வழி சொன்னவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. வயதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள நான் பார்க்கவில்லை. சொல்லாதே என்று எனக்கு முன்னாலேயே சொல்லப்பட்டிருந்தது. அதையும் மீறி, பெருமைக்காகச் சொன்னேன். சொன்னதற்கு ஒரு பன்னும் வாங்கித் தின்றேன்.

அப்பாவுக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. ஓர் அறை வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அதனால் என்னை ஆம்பூரில் இருந்த சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிள்ளை இல்லை. சித்தப்பா தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். என் பள்ளிக்கூடமும் அந்த டேனரியும் ஒரே சாலையில் இருந்ததால், மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவது என் பொறுப்பு. குழி ஓரத்தில் உட்கார்ந்து சித்தப்பாவோடு நானும் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஓடுவேன். அந்த நாற்றத்தில் எப்படிச் சாப்பிட்டாய் என்று வேலூரில் கேட்பார்கள். பசிக்கு மூக்கு கிடையாது என்று பிறகுதான் பதில் தோன்றியது.

சுண்ணாம்புக் குழியில் செய்யும் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எருமைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊறப்போடுவார்கள், மயிர் கழல்வதற்காக. தினமும் எல்லாத் தோலையும் வெளியே இழுத்து அடுக்கி, அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கலக்கிவிட்டு, மறுபடி உள்ளே போட வேண்டும். ஊறிய எருமைத் தோல் ஒரு மூட்டை அரிசியில் முக்கால் பங்கு கனக்கும், வழுக்கவும் செய்யும். குழியின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு நீளமான இடுக்கியோடு நின்று, ஒரே நேரத்தில் மூச்சுப் பிடித்து இழுப்பார்கள். அதனால் அந்த வேலைக்கு ஆட்களை ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் அன்று வேலை கிடையாது. கல்யாணம்கூட இவ்வளவு கட்டுப்பாடாக இருக்காது என்பார் சித்தப்பா.

சித்தப்பாவின் ஜோடி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு பாய். சித்தப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஒல்லியானவர். அவர் சித்தப்பாவை ‘தோஸ்த்’ என்பார். சித்தப்பா அவரை ‘பாய்’ என்பார். எனக்கு அவர் பாய் மாமா. அவருக்கு நான் ‘பேட்டா’, பிள்ளை. வீட்டில் உருது, குழியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்தபோது, சித்தப்பா குழி ஓரத்தில் கவையுள்ள ஒரு கட்டையை நட்டு, அதன்மேல் ஒரு நீளமான சவுக்குக் கம்பைக் கிடத்திக் கட்டினார். கம்பின் குட்டையான பக்கம் குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சங்கிலியும் கொக்கியும். நீளமான பக்கத்தின் நுனியில் சாக்கைச் சுருட்டி உட்காருவதற்கு வசதியாகக் கட்டியிருந்தார். சித்தப்பா இடுக்கியால் தோலைக் கிளப்பிக் கொக்கியில் மாட்டுவார். பாய் மறுபக்கம் சாக்கின்மேல் உட்காருவார். அவ்வளவுதான். பாய் இறங்க, தோல் ஏறும். சித்தப்பா அதைப் பக்கவாட்டில் தள்ளிப் பலகையின்மேல் இறக்குவார். பாய் எழுந்துகொள்வார்.

எனக்கு அது பள்ளிக்கூட மைதானத்து ஏற்றப்பலகை மாதிரி இருந்தது. வேலை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பெரிய ஆட்கள் ஏறி இறங்கி விளையாடுகிறார்களே என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய வேடிக்கை, மேஸ்திரி அந்தப் பக்கம் வரும்போது நடந்தது. மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டதும் பாய் சாக்கைவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, பற்களைக் கடித்து, “யா அல்லா… ஹூம்… ஹூம்…” என்று முக்கி முனகி, ஒரு யானையைத் தூக்குகிறவர்போல அதை இழுப்பார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். மேஸ்திரி போன பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

“எப்பிடி பேட்டா? நாடகக் கம்பெனில சேத்துக்குவானா?”

“சேத்துக்குவான், துரத்திடுவான்,” என்பார் சித்தப்பா, இடுக்கியை விடாமலே. “முனகுறது ஜாஸ்தி பாய். கொஞ்சம் கம்மி பண்ணுங்க. பிரசவ வலின்னு நினைச்சு நர்ஸைக் கூட்டியாந்துடப் போறான்.”

இன்னொன்றும் அந்த நாட்களில் பார்த்தேன். பார்த்தேனே தவிர மனசில் வாங்கவில்லை. சில நேரம் பாய் சாக்கின்மேல் உட்கார்ந்தபடியே அசையாமல் இருப்பார். இரண்டு கையும் முழங்காலை அழுத்திப் பிடித்திருக்கும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். கழுத்துக்குக் கீழே எலும்புக்குப் பின்னால் ஒரு குழி விழுந்து எழும், விழுந்து எழும். சத்தமே இருக்காது. அப்போது சித்தப்பா இடுக்கியை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் பாய் தலையை அசைப்பார். வேலை மறுபடி நடக்கும்.

அந்தக் கம்புக்கு மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஆள் நிற்கிறார்கள், தோல் குறையாமல் வெளியே வருகிறது, ஜோடி ஜோடியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் தனி இயந்திரங்கள் பாடத்தை நடத்தியது அப்போதுதான். வேலையைச் சுலபமாக்கும் கருவி ஒன்றை உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ படம் வரைந்து வாருங்கள் என்றார். பையன்கள் கத்தரிக்கோல், பாக்குவெட்டி, கிணற்றுக் கப்பி என்று வரைந்துவந்தார்கள். நான் சித்தப்பாவின் கம்பை வரைந்தேன். வாத்தியார் என் நோட்டை எடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். தோலுக்குப் பக்கத்தில் பளு, கவைக்குப் பக்கத்தில் ஆதாரம் என்று சரியாக எழுதியிருந்தேன். நீளமான பக்கத்து நுனியில் மட்டும் ‘பாய் மாமா’ என்று எழுதியிருந்தேன். வகுப்பு சிரித்தது. வாத்தியார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘திறன்’ என்று எழுதினார்.

“ஆள் பேர் எழுதக் கூடாது. அந்த இடத்துல யார் வேணா உக்காரலாம். ஏன், ஆளே வேணாம். ஏத்தத்துல ஒரு கல்லைக் கட்டி இறைப்பாங்க, பாத்திருக்கியா? கல்லும் அதே வேலையைச் செய்யும்.”

அந்தக் கல் அன்று பூராவும் என் தலைக்குள் கிடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விளக்குமாற்றுக் குச்சி, நூல், டேனரியில் பொறுக்கிய தோல் துண்டு, ஒரு கூழாங்கல் எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கம்பு செய்தேன். கொக்கிப் பக்கத்தை விரலால் கீழே இழுத்துத் தோல் துண்டை மாட்டிவிட்டு, விரலை எடுத்தால் கூழாங்கல் தானாக அதைத் தூக்கியது. சித்தப்பாவிடம் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவை செய்யச் சொல்லவில்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா இதை அங்க எடுத்துட்டு வராத. மேஸ்திரி முன்னாடி இதைப் பத்திப் பேசாத.”

“ஏன் சித்தப்பா?”

“பேசாதன்னா பேசாத.”

அவர் செய்த கம்பைவிட நான் செய்தது நன்றாக இருக்கிறது, அதனால் சித்தப்பாவுக்குப் பொறாமை என்று நான் முடிவு செய்தேன். பதினோரு வயதில் அது எனக்கு மிகவும் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அதைப் பையில் போட்டுக்கொண்டு டேனரிக்குப் போனேன். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போகும்போது, மேஸ்திரி ஆவாரம்பட்டை மூட்டைமேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“இன்னாடா வாத்தியாரே, பையில இன்னா துருத்திக்கினு இருக்கு?”

அவர் கேட்காவிட்டாலும் நான் காட்டியிருப்பேன். அதற்காகத்தான் அந்தப் பக்கமாகப் போனேன்.

“இந்தக் கல்லு இன்னாத்துக்கு?”

“பாய் மாமாவுக்குப் பதில்.”

பல் குத்துவது நின்றது. “அப்ப அவரு வேணாமா?”

“வேணாம். கல்லே தூக்கிடும். கொக்கியை இழுத்து மாட்ட ஒரே ஒரு ஆள் போதும்.”

மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னார். நாலாவது தடவை அவரே குச்சியை வாங்கித் தன் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். “அப்ப பாய்க்கு ரெஸ்ட் குடுக்கலாம்ன்ற,” என்றார். பாய் மாமா பாவம், எப்போதும் களைப்பாக இருக்கிறார், அவருக்கு ஓய்வு கிடைத்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆமாம் என்றேன். டீக்கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். உள்ளே சர்க்கரை வைத்த பன்.

அந்த வாரமே கல் வந்தது. பாதியாக உடைந்த ஆட்டுக்கல். அது பெரிய கல், அதனால் நுனியில் கட்டாமல் கம்பின் நடுப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். நான் சாப்பாட்டோடு போனபோது கட்டி முடித்திருந்தார்கள். சாக்கைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். பாய் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வீட்டுல போயி நல்லா ரெஸ்ட் எடு பாய்,” என்றார் மேஸ்திரி, நல்லது செய்கிறவர் குரலில்.

பாய் கல்லைச் சுற்றிப் பார்த்தார். அதன் முதுகில் தட்டினார். “நல்ல ஆளுதான் தோஸ்த். பீடி கேக்காது, லீவு கேக்காது.” பாய் என்னைத் தாண்டிப் போகும்போது என் தலையில் கைவைத்து, “ஒழுங்கா படி பேட்டா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மாதிரியில் கொக்கியைக் கீழே இழுத்தது என்னுடைய ஒற்றை விரல். டேனரியில் அதை இழுத்தது சித்தப்பா. ஒவ்வொரு தோலுக்கும் அவர் அந்தக் கல்லின் எடைக்கு எதிராகக் கொக்கியைத் தன் உடம்பால் தொங்கி இறக்க வேண்டியிருந்தது. தோலைக் கழற்றும்போது கம்பை இறுகப் பிடிக்காவிட்டால் கல் பக்கம் தடாலென்று விழும். இரண்டு நாளில் அவரால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. சித்தி நல்லெண்ணெய் காய்ச்சித் தோளில் தேய்த்துவிட்டார்.

“எவன் சொல்லிக் குடுத்தான்னே தெரியல,” என்றார் சித்தப்பா, கண்ணை மூடிக்கொண்டு. “அந்த ஆளுக்கு இதெல்லாம் தோணாதே.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டே இருந்தேன்.

பள்ளிக்குப் போகும் வழியில் பாயின் வீடு. அவர் மனைவி, எனக்கு மாமி, பீடி சுற்றுவார். இப்போது பாயும் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் புகையிலைத் தூள் அவருக்கு ஆகவில்லை. நான் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். ஒருநாள் மாமி என்னிடம், “உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, இவருக்கு வேற எங்கனா பாக்கச் சொல்லு. இந்தத் தூள்ல ஒரு வருஷம் தாங்கமாட்டாரு,” என்றார். நான் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.

வேறு எங்கும் பார்க்க முடியாது என்று எனக்கே தெரியும். இடுக்கி பிடித்து இழுக்க முடியாதவரை எந்த டேனரியும் குழிக்கு எடுக்காது. அந்தக் கம்பு ஒன்றில்தான், அந்த நுனி ஒன்றில்தான், அவரால் வேலை செய்ய முடியும். அங்கே கல் இருந்தது. ஆகவே கல் போக வேண்டும். இதுவும் எனக்கு மிகவும் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. எங்கள் பள்ளிக்கு இல்லை. நாலு மணிக்கு மணி அடித்ததும் பின்பக்கத்து வேலி வழியாக உள்ளே போனேன். காவல்காரர் டீக்கடையில் இருந்தார். கம்பின் நீளமான பக்கம் தரையில் படிந்து கிடந்ததால், முடிச்சை அவிழ்ப்பது சிரமமாக இல்லை. ஆனால் கல்லை அசைக்க முடியவில்லை. கட்டிப்பிடித்துத் தள்ளினேன், முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். பிறகு, மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துவந்தேன். அரைச் செங்கலை அடியில் வைத்து, கடப்பாரையின் நுனியைக் கல்லுக்குக் கீழே கொடுத்து, மறுமுனையை அழுத்தினேன். கல் அரைச் சுற்றுப் புரண்டது. செங்கலைத் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினேன். குழியின் ஓரம் ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதற்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டேன். பளு, ஆதாரம், திறன் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வாத்தியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கல் குழிக்குள் விழுந்தபோது சுண்ணாம்புத் தண்ணீர் என் சட்டைமேல் தெறித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பாலாற்று ஊற்றில் கழுவிக்கொண்டேன். இனி பாய் மாமாவைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தக் கல்லுக்குச் சித்தப்பாதான் பொறுப்பு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. சாப்பாட்டோடு போனபோது, குழியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார்.

“உனக்குப் புடிக்காத கல்லு, உன் குழியில கிடக்குது. நீ தள்ளலைன்னா வேற எவன்யா தள்ளினான்? முதலாளி வரட்டும். நீ இன்னைக்கோட கிளம்பு.”

சித்தப்பா இடுக்கியை ஊன்றிக்கொண்டு நின்றார். ‘நான் இல்லை’ என்று அவர் ஒரு தடவை சொன்னதோடு சரி.

தூக்குச் சட்டியைக் கீழே வைத்தேன். “நான்தான் தள்ளினேன்,” என்றேன். முதலில் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். ஒருவர் சிரித்தார். “நீ? அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்டா.” நான் கடப்பாரையைக் காட்டினேன், செங்கலைக் காட்டினேன், பலகையில் கல் தேய்த்த தடத்தைக் காட்டினேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

“சரி, கல்லை வெளிய எடு. அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் மேஸ்திரி. கல் சுவரோடு ஒட்டி அடியில் உட்கார்ந்திருந்தது. இடுக்கி அதில் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. சங்கிலியில் சுருக்குப் போட்டு, நேர் மேலாகத் தூக்க வேண்டும். அதற்கு அந்தக் கம்புதான் இருந்தது.

“எடுக்கலாம்,” என்றார் சித்தப்பா. “நான் குழிக்குள்ள குனிஞ்சு சுருக்கு மாட்டணும். மறுபக்கம் உக்கார்ற ஆளு பாதில எழுந்தா கம்பு என் மண்டையில இறங்கும். எனக்குப் பழகின ஆளு வேணும்.”

“யாரு வேணா உக்காரலாம்யா,” என்றார் மேஸ்திரி. வாத்தியார் சொன்ன அதே வார்த்தை.

“எனக்கு ஒருத்தர்தான் பழக்கம்.”

சித்தப்பா இடுக்கியைச் சுவரில் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். குழியில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. நாள் தப்பினால் தோல் கெட்டுவிடும். கடைசியில் மேஸ்திரி என்னை அனுப்பினார், பாயைக் கூட்டிவர.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பத்து நிமிஷத்து வழி. மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் நான், “பாய் மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். கொஞ்சம் கழித்து, “நடக்கும்போது பேசாத பேட்டா. மூச்சு ஒண்ணுதான் இருக்கு. நடக்குறதா, பேசுறதா?” என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பாய் சாக்கைத் தேடி எடுத்துத் தட்டிக் கம்பின் நுனியில் போட்டார். “நான் போயி கல்லு வந்துச்சு. கல்லு போயி நான் வரேன்,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “நல்ல ட்யூட்டிதான்.” உட்கார்ந்தார். சித்தப்பா குழிக்குள் இடுப்பு வரை குனிந்திருந்தார். சங்கிலி இறுகியது. தண்ணீர் கொப்பளித்தது. சுண்ணாம்பு வழிய வழிய, வெள்ளைவெளேரென்று, அந்த அரை ஆட்டுக்கல் மேலே வந்தது. இன்றும் கண்ணை மூடினால் அது வருகிறது. அந்தப் பக்கம் தன் எடை முழுவதையும் கொடுத்து, கால் தரையில் படாமல், ஒல்லியான ஒரு மனிதர். இந்தப் பக்கம் அவர் இடத்தைப் பிடித்த கல். பாய் முனகவில்லை. அன்று அவருக்கு நடிப்பதற்கு அவசியம் இருக்கவில்லை.

சித்தப்பா கல்லைத் தள்ளிப் பலகையின்மேல் இறக்கினார். சுருக்கைக் கழற்றினார். நிமிர்ந்து நின்றார். மேஸ்திரிக்கு இப்போது கோபம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது. என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“யோவ், இந்தக் கூத்துல பெரிய கூத்து இன்னான்னு தெரியுமா உனக்கு? இந்தக் கல்லை முதல்ல வைக்கச் சொல்லி எனக்கு…”

அப்போதுதான் பாய்க்கு இருமல் வந்தது. அப்படி ஒரு இருமலை நான் கேட்டதில்லை. டேனரி முழுவதும் எதிரொலித்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பு இரண்டாக மடிய, இருமிக்கொண்டே சரிந்தார். எல்லோரும் ஓடினார்கள். சித்தப்பா குழியைத் தாண்டிக் குதித்தார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் முதுகைத் தடவினார். மேஸ்திரியே பயந்துபோய்த் தன் துண்டால் விசிறினார். இருமல் அடங்கியபோது மேஸ்திரி என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி கல்லை மறுபடி கட்டச் சொன்னார். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டார். “கல்லோட ஜோடி சேர என்னால முடியாது மேஸ்திரி. அது பேசாது,” என்றார். சங்கிலியும் கொக்கியும் அவருடையவை. அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டார். பாயை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, என்னைப் பின்னால் நடக்கச் சொல்லி, வெளியே வந்தார்.

இரண்டு வாரம் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான். பிறகு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன டேனரியில் இரண்டு பேரும் ஜோடியாகச் சேர்ந்தார்கள். அங்கேயும் ஒரு கவைக்கட்டை, ஒரு கம்பு. தினமும் பாயை வைத்து சைக்கிளை ஆற்று மணலில் தள்ளிக்கொண்டு போவார் சித்தப்பா. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. வேலூருக்குத் திருப்பி அனுப்பவில்லை. கல்லைத் தள்ளியதற்காக ஒரு வார்த்தை திட்டவும் இல்லை.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் டேனரித் தண்ணீர் இறங்கி உப்பேறியிருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு ரயில் லைனைத் தாண்டிப் போக வேண்டும். பாய் வீட்டுக்கு நான் தினமும் காலையில் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினேன். பள்ளி முடிக்கும் வரை ஆறு வருஷம் ஊற்றினேன். மாமி என்னை நல்ல பிள்ளை என்று தெருவெல்லாம் சொன்னார். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருக்கும். ஏன் ஊற்றுகிறாய் என்று பாய் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த ஆறு வருஷமும் அவர் கம்பின் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் கல்லூரிக்குப் போன வருஷம் இறந்தார்.

எனக்கு வாத்தியார் வேலை கிடைத்து, முதன்முதலாக எட்டாம் வகுப்புக்கு நெம்புகோல் பாடம் நடத்திய அன்று, பஸ் பிடித்து ஆம்பூருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூழாங்கல், பன், எல்லாம்.

“தண்ணி ஊத்தினது அதுக்குத்தானா?”

“ஆமா சித்தப்பா.”

“நான் பாயைக் கேட்டேன்டா, அப்பவே. மேஸ்திரி உங்களை அனுப்பும்போது எவன் சொல்லிக் குடுத்தான்னு சொன்னானான்னு. ‘யாரு சொல்லணும் தோஸ்த், மேஸ்திரிக்கு மூளை ஜாஸ்தி’ன்னாரு. அதுவரைக்கும் அந்த ஆளுக்கு மூளை இருக்குன்னு யாருமே சொன்னதில்ல. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.”

பிறகு சித்தியிடம் எனக்கும் சேர்த்துச் சோறு போடச் சொன்னார்.

அப்படியானால் பாய்க்குத் தெரிந்திருந்தது. அனுப்பும்போதே மேஸ்திரி சொல்லியிருக்கிறார், என் தலையில் கைவைத்த அன்றே தெரிந்திருந்தது. இவ்வளவு அன்று புரிந்தது. மீதி புரிய இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது நான் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் இருக்கிறேன். எனக்கும் மூச்சுத் தொல்லை. மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறேன். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு வார்த்தை பேச முடியாது. இருமுவதற்கும் காற்று வேண்டுமே, அந்தக் காற்றுதான் இல்லை. நிஜமாக மூச்சு முட்டும்போது சத்தமே வராது. போன மாதம் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான், கம்பைப் பிடித்துக்கொண்டு டேனரி அதிர இருமிய அந்த மனிதரைப் பார்த்தேன். கல் பலகையில் பத்திரமாக இறங்கும் வரை, சித்தப்பா குழியிலிருந்து நிமிரும் வரை அவர் இருமவில்லை. மேஸ்திரி என் பெயருக்கு ஒரு சொல் முன்னால் வந்தபோதுதான் இருமினார். மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டதும் முனகுவாரே, அதே குரல்.